புதிய கல்வியாண்டும் ஆங்கில வகுப்பும்: ஒரு மாணவியின் எதிர்பார்ப்புகள்



தமிழ் வளர்க்கும் வட்டமொன்றின் ஆண்டு விழாவில் ஆங்கில வகுப்பைப் பற்றி உரை நிகழ்த்துவது பொருந்துமா என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. பொருந்தும் என்பதே இவ்வுரையின் துணிபு. ஏனெனில், ஆங்கில வகுப்பில் அச்சத்தோடு அமர்ந்திருக்கும் மாணவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பிள்ளைகள். அவர்களுடைய அச்சம் நாளடைவில் ஆங்கிலத்தின்மீது வெறுப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தம் தாய்மொழியின்மீதே தாழ்வெண்ணமாகவும் மாறிவிடுகிறது. அவ்வகையில் இது தமிழ் பற்றிய செய்தியுமாகும்.

திருவரங்குளத்து மாணவி

புதுக்கோட்டைக்குக் கிழக்கே, ஆலங்குடிச் சாலையில் அமைந்த ஊர் திருவரங்குளம். அரங்குளநாதர் திருக்கோயிலால் பெயர்பெற்றது. அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்துள்ளது. 2021ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் அங்கு அகழாய்வுகள் நிகழ்ந்தன. எழுத்தறிவு இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதற்கு அந்நடுகல் ஒன்றே போதிய சான்று.

இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தியை மனத்தில் கொள்க. பதினோராம் வகுப்பிற்கு வந்துள்ளாள். தமிழ்வழியில் பயின்றவள். தந்தையும் தாயும் நிலத்தில் உழைப்பவர்கள். அவளுக்குப் பெயர் வேண்டுவதில்லை. இவ்வவையினர் ஒவ்வொருவரின் தெருவிலும் அவளைக் காணலாம்.

சூன் திங்களில் பள்ளி திறக்கிறது. புதிய ஆங்கிலப் பாடநூலை வாங்கியதும், அட்டை போடுவதற்கு முன்னரே ஒருமுறை புரட்டிப் பார்க்கிறாள். 'இந்த ஆண்டாவது' என்னும் சொல்லோடு அவளுடைய நம்பிக்கை தொடங்குகிறது. இந்த ஆண்டாவது பிறர் துணையின்றி ஒரு பக்கம் படிக்க வேண்டும். இந்த ஆண்டாவது எழுந்து நின்று நான்கு தொடர்கள் பேச வேண்டும். இதற்குமுன் பத்தாண்டுகள் அவள் ஆங்கிலம் கற்றிருக்கிறாள். கட்டுரை ஒன்றை எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக எழுதுவாள். ஆயினும் பேருந்தில் அயலார் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பத்தாண்டுக் கல்வி அவளுக்கு மதிப்பெண்ணைத் தந்தது. நாவைத் தரவில்லை.

இக்குறை அவளுடைய குறையா, வகுப்பின் குறையா என்பதை ஆராய்வதற்கு முன், இதே மண்ணில் நூறாண்டுகட்கு முன்னர் ஆங்கில வகுப்பை எதிர்நோக்கிய மற்றொரு மாணவியை நினைவுகூர்தல் தகும்.

புதுக்கோட்டை கண்ட முன்னோடி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். திருக்குறளுக்கு ஜி. யு. போப் எழுதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அதே ஆண்டுதான். தமிழ் மறை ஆங்கிலத்திற்குச் சென்ற ஆண்டிலேயே, ஆங்கிலத்தைத் தமிழ்ப் பெண்ணின் கைக்கருவியாக்கிக் காட்டிய ஒருவர் இம்மண்ணில் தோன்றினார்.

அவருடைய தந்தையார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். ஆங்கிலக் கல்லூரியின் தலைவராக இருந்த தந்தையாரே, தம் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கவும் பால் கணக்கு, சலவைக் கணக்கு எழுதவும் தெரிந்தால் போதும் என்று ஆசிரியரிடம் கூறியிருந்தார். அவ்வாசிரியரோ தந்தையார் அறியாமல் சிறுமிக்கு ஆங்கிலமும் கற்பித்தார். முத்துலட்சுமி தம் தன்வரலாற்றில் தரும் செய்தி இது. பலர் ஊருக்குக் கற்பிப்பார்கள், தம் வீட்டுப் பெண்ணுக்குக் கற்பிக்க அஞ்சுவார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. பின்னர் மகளின் அறிவுத் திறத்தைக் கண்ட அதே தந்தையார் வீட்டிலேயே அவரைப் பயிற்றுவித்தார். 1902ஆம் ஆண்டில் அவர் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார்.

கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆடவர் பயிலும் இடத்தில் பெண் அமர்வதா என்று கேட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததால் 1904ஆம் ஆண்டில் அவருக்கு இடம் கிடைத்தது. மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பில் அவருக்கும் பிற மாணவர்க்கும் இடையே திரையொன்று இருந்தது. 1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவரானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அம்மன்றத்தில் வாதாடினார். அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஆங்கிலேயர் அமர்ந்திருந்த அவையில் ஆங்கிலேயரின் மொழியிலேயே தமிழ்ப் பெண்டிரின் துயரை எடுத்துரைத்தவர் அவர். பால் கணக்கோடு நின்றிருந்தால் அந்தக் குரல் மன்றம் ஏறியிராது.

இன்று வகுப்பறையில் துணித்திரை இல்லை. கல்லூரியின் வாயில்களும் திறந்தே உள்ளன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. எனவே திருவரங்குளத்து மாணவி கல்லூரிக்குள் நுழைந்துவிடுவாள். நுழைந்தபின் முதல் நாள், முதல் மணி நேரத்தில், பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தத் தொடங்கும்போதுதான் அவளுக்கு முன்னால் மற்றொரு திரை விழுகிறது. கண்ணுக்குப் புலப்படாத திரை என்பதால் அதனை நீக்குமாறு எந்த மன்னரிடமும் விண்ணப்பிக்க இயலாது. அதனை நீக்க வேண்டிய இடம் பள்ளியின் ஆங்கில வகுப்பே. அவ்வகுப்பின்மேல் அவள் வைக்கும் எதிர்பார்ப்புகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதல் எதிர்பார்ப்பு: தமிழ் குற்றமாகக் கருதப்படாமை

ஆங்கிலம் கற்பிக்கும்போது தமிழில் ஒரு சொல்லும் பேசலாகாது என்பது சில வகுப்புகளின் விதி. வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும் என்று அஞ்சும் மாணவி வாயைத் திறப்பதே இல்லை. உண்மையில் அவள் அறிந்த தமிழே ஆங்கிலத்திற்கு வழிகாட்டும் விளக்காகும்.

சான்றாக, ஆங்கிலத்தில் வினைச்சொல் எழுவாயை அடுத்து வந்துவிடும். தமிழில் அது பெரும்பாலும் தொடரின் இறுதியில் நின்று பொருளை முடிக்கும். தமிழ்ப் பெயர்ச்சொல்லின் பின்னே வேற்றுமை உருபு ஒட்டும். ஆங்கிலத்தில் அப்பணியைச் செய்யும் சிறுசொல் பெரும்பாலும் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். இவ்விரண்டு வேறுபாடுகளையும் தமிழிலேயே ஒரு நாள் விளக்கிவிட்டால், ஆண்டு முழுவதும் செய்யும் பிழைகளுள் பல தாமே குறையும். பேருந்தைப் 'பஸ்ஸு' என்றும் நூலைப் 'புக்கு' என்றும் தமிழர் ஒலிப்பதைக் கேட்டு நகைப்போர் உண்டு. வல்லின மெய்யில் சொல் முடிதல் தமிழுக்கு இயல்பன்று. அத்தகைய இடங்களில் குற்றியலுகரம் வந்து துணைநிற்கும். குற்றியலுகரம் பயின்ற மாணவிக்கு இதை எடுத்துச் சொன்னால், அது தன் அறியாமையன்று, தன் மொழியின் இயல்பே தன் நாவில் நிற்கிறது என உணர்வாள். காரணம் அறிந்தபின் அதனை மாற்றிக்கொள்வதும் எளிது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருந்தும் இத்தகைய செய்திகளைப் பகிர்ந்துகொள்ளாமை வருந்தத்தக்கது.

இரண்டாம் எதிர்பார்ப்பு: பிழை செய்ய உரிமை

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் அவ்வியக்கத்தில் இணைந்தது. வயல் வேலை செய்வோரும் கல்லுடைப்போருமாகிய பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். நாடே இதனைத் திரும்பிப் பார்த்தது.

மிதிவண்டி கற்பவர் விழுவார். முழங்காலில் சிராய்ப்பு ஏற்படும். அதற்காக அவரை யாரும் அறிவிலி என்பதில்லை. பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்தபடி ஓடி வருவார், உரிய நேரத்தில் கையை எடுத்துவிடுவார். ஆங்கில வகுப்பிலோ முதல் முறை விழுந்தவுடன் வகுப்பே நகைக்கிறது. தொடரின் நடுவே ஆசிரியர் இடைமறித்துத் திருத்துகிறார். மீண்டும் எழும் துணிவு அம்மாணவிக்கு இருப்பதில்லை. இம்மாவட்டத்துப் பெண்கள் மிதிவண்டியைக் கற்ற அதே முறையில் ஆங்கிலத்தையும் கற்க இயலும். சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்னர்த் திருத்தும் ஆசிரியரே அவள் வேண்டுவது.

மூன்றாம் எதிர்பார்ப்பு: தன் சொந்தச் செய்தியைச் சொல்லுதல்

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையோடு சேர்ந்த மாணவர் ஒருவர், கணக்கிலேயே மூழ்கியிருந்ததால் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறி அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அவருக்குத் தேர்ச்சி கிட்டவில்லை. அவரே கணித மேதை சீனிவாச இராமானுசன். 1913ஆம் ஆண்டு சனவரியில் அவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் விடுத்தார். அம்மடல் ஆங்கிலத்தில் அமைந்தது. கட்டுரைத் தேர்வில் தோற்றவரின் மடல் உலக அறிஞர் ஒருவரை வியப்பில் ஆழ்த்தியது. கட்டுரைத் தாளில் பிறர் வகுத்த தலைப்பு இருந்தது, மடலில் அவருடைய சொந்தச் செய்தி இருந்தது என்பதே வேறுபாடு.

இதனால் ஆங்கிலத் தேர்ச்சி வேண்டா என்பது கருத்தன்று. சொல்ல வேண்டிய பொருள் ஒருவரிடம் இருந்தால் மொழி அதனைத் தேடி வரும் என்பதே கருத்து. திருவரங்குளத்து மாணவியிடமும் சொல்லச் செய்திகள் உண்டு. கண்மாய் நிரம்பாத ஆண்டில் வீட்டில் நிகழ்வன அவளுக்குத் தெரியும். நாற்று நடுவதும் களை பறிப்பதும் தெரியும். மாசித் திருவிழாவும் சந்தை நாளும் தெரியும். ஆயினும் பத்தாண்டுகளாக அவள் மனப்பாடம் செய்தவை பெரும்பாலும் பிறர் எழுதிய விடைகளே. இந்த ஆண்டு ஆசிரியர் அவளிடம் உன் ஊரைப் பற்றி ஐந்து தொடர் எழுது, வழிகாட்டி நூலைப் பார்க்காதே என்று கூறினால், அந்த ஐந்து தொடர்களில் எட்டுப் பிழைகள் இருக்கலாம். எனினும் அவையே அவள் எழுதிய முதல் ஆங்கிலமாகும்.

நான்காம் எதிர்பார்ப்பு: தாழ்வும் செருக்கும் இன்றிக் கற்றல்

ஆங்கிலம் கற்றோர் தமிழை இழிவாக எண்ணும் போக்கு பழையது. தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றங்களில் ஆங்கிலம் வழங்கிய காலத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தாய்மொழியைப் புறக்கணித்து ஆங்கிலம் ஒன்றையே போற்றியவர்களை அவர் வன்மையாகக் கண்டித்தார். பாரதியார் நெல்லையில் தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியால் நேர்ந்த கேட்டைத் தம் தன்வரலாற்றுக் கவிதையில் கசப்போடு பாடினார். அதே பாரதியார் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியிடம் ஈடுபாடு கொண்டு 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டார். ஆங்கிலத்திலும் கட்டுரைகள் எழுதினார். அவர் வெறுத்தது ஒரு மொழியையன்று. தன் நாட்டை மறக்கச் செய்த ஒரு கல்விமுறையையே வெறுத்தார்.

இவ்வேறுபாடு மாணவிக்குத் தெளிவாக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் உறவு, தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எனப் பிரிந்து நிற்கிறது. கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் பாகுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அதே வேளையில், 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் ஆளுக்கேற்ப மாற்ற வேண்டிய தேவையின்றி எவரையும் ஒரே சொல்லால் விளிக்கும் எளிமை ஆங்கிலத்தில் உண்டு. ஒரு மொழியிடம் இருப்பது மற்றொன்றிடம் இல்லை என்று காணும் மாணவி இரண்டையும் மதிப்பாள். எதனையும் தொழவும் மாட்டாள், தூற்றவும் மாட்டாள்.

வட்டத்தின் கடமை

இந்நான்கு எதிர்பார்ப்புகளையும் நிறைவேற்றுவது பள்ளியின் பணி என்று கூறி இவ்வவை ஒதுங்கிவிடலாகாது. இங்கே ஓர் உண்மையை மறையாது உரைக்க வேண்டும். மேடைகளில் ஆங்கில மோகத்தைச் சாடும் தமிழ்ப்பற்றாளர் பலரின் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். அது அவர்தம் உரிமை. ஆனால் அம்மேடையின் கீழே அமர்ந்து கைதட்டும் சிற்றூர் மாணவிக்குக் கிடைப்பது முழக்கம் மட்டுமே. முழங்கியவரின் மகள் நேர்காணலில் தயக்கமின்றி ஆங்கிலத்தில் விடையிறுப்பாள். கைதட்டியவளோ அதே நேர்காணலில் தலை குனிவாள். தமிழின் பெயரால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவு அடைக்கப்படுமாயின், அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஏற்ற இருமொழிக் கொள்கையின் பொருள் தமிழும் ஆங்கிலமும் என்பதே. அவற்றுள் ஒன்று பணம் படைத்தோர்க்கும் மற்றொன்று இல்லாதோர்க்கும் எனப் பங்கிடப்படுவது அக்கொள்கையின் நோக்கமன்று.

வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் எண்ணுகிறது. மொழிகளுக்கு இடையே சென்றுவருதல் தமிழ் மரபுக்கு அயலானதன்று. போப் திருவாசகத்தை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றார். ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை மொழிபெயர்த்து 1967ஆம் ஆண்டில் நூலாக்கினார். உலகின் பல நாட்டுக் கவிஞர்கள் அம்மொழிபெயர்ப்பின் வழியே சங்கப் பாடலைக் கண்டனர். இவ்வவையின் பாவலர்கள் எழுதும் கவிதைகளும் ஒருநாள் அவ்வழியே செல்ல வேண்டுமாயின், அவற்றை எடுத்துச் செல்லத் தமிழ் நன்கறிந்த, ஆங்கிலமும் நன்கறிந்த ஒருவர் வேண்டும். அவர் எங்கிருந்தோ வரப்போவதில்லை. அவர் இப்போது இவ்வட்டாரப் பள்ளி ஒன்றில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கலாம்.

ஆகவே வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளுக்கு எளிய திட்டம் ஒன்று முன்வைக்கப்படுகிறது. திங்கள்தோறும் நிகழும் கூட்டத்திற்கு முன் ஒரு மணி நேரத்தை மாணவர்க்கென ஒதுக்குக. ஒரு சங்கப் பாடலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்க. எந்தச் சொல் கடந்து சென்றது, எந்தச் சொல் கரையிலேயே நின்றுவிட்டது என்று அவர்களையே காணச் சொல்க. பாவலர் ஒருவர் தம் கவிதையின் நான்கு அடிகளைத் தர, மாணவர் அவற்றை ஆங்கிலமாக்கட்டும். 1992ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் தமிழ்ப் பொருளோடு ஆங்கிலப் பொருளும் உண்டு. அதன் படியொன்றும், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் படியொன்றும் வட்டத்தின் நூலகத்தில் மாணவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும், பிழையைக் கேட்டு நகைக்காத நான்கு பெரியோரும் போதும்.

தந்தையார் அறியாமல் ஓர் ஆசிரியர் அன்று கற்பித்த சில ஆங்கில எழுத்துகளே முத்துலட்சுமியின் கல்விக்குக் கால்கோளாயின. இன்று மறைவாகக் கற்பிக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. ஊரறியக் கற்பிக்கலாம். தமிழ்ப்பற்றோடு கற்பிக்கலாம். வரும் சூன் திங்களில் பாடநூலைப் புரட்டும் திருவரங்குளத்து மாணவி, 'இந்த ஆண்டாவது' என்று எண்ணும்போது, அவ்வெண்ணத்திற்குத் துணையாக ஊரில் ஓர் இலக்கிய வட்டம் உண்டு என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அப்பணியையும் மேற்கொண்டு பல்லாண்டு வளர்க என வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.